உள்பக்கம் தைத்த சட்டைப்பை

என் ராசா,

உன் சுகத்தைக் கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. இத்தனை பக்கத்துக்குப் புலம்பி எழுத உனக்குத் தெம்பு இருக்கிறது என்றால் நீ நன்றாகச் சாப்பிடுகிறாய், நன்றாக நித்திரை கொள்கிறாய் என்றுதான் அர்த்தம். மானிப்பாயில் நாங்களும் சுகமாக இருக்கிறோம். பசு கன்று போட்டிருக்கிறது. உன் ஐயாவுக்கு முழங்கால் நோவு, ஆனாலும் சைக்கிளை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். உன் கடிதத்தை அவர்தான் சத்தமாக வாசித்தார். மட்டக்களப்பில் ஒரு வீட்டு முற்றத்தில் பெண்களைக் கூட்டி, தையல் மெசினை நடுவில் வைத்து, "என் தாய் வறுமையில் வாடினாள், கண்ணீரோடு இந்தச் சக்கரத்தைச் சுற்றினாள்" என்று நீ சொல்லச் சொல்ல அவர்கள் மூக்கைச் சீறினார்களாம். கடைசியில் ஒருத்தியும் மெசின் எடுக்கவில்லையாம். ஒரு சட்டி எருமைத் தயிரை உன் கையில் தந்து, தாயைக் கவனமாகப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அந்த இடத்துக்கு வந்ததும் உன் ஐயா கடிதத்தை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார் பார், கன்றுக்குட்டி வெருண்டு வேலிப்பக்கம் ஓடியது. நானும் சிரித்தேன். கோபிக்காதே. ஏன் சிரித்தோம் என்று தெரிந்தால் நீயும் சிரிப்பாய்.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தாய், அதற்கு நான் சிரிக்கவில்லை. பொங்கலுக்குள் மெசின் எடுக்கச் சில வீடுகளையாவது சேர்க்காவிட்டால் மெசின் கொம்பனி உன்னைத் திருப்பி அனுப்பிவிடும் என்றும், "அம்மா, உங்களுக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது? நான் தைத்தவனுமில்லை, பட்டினி கிடந்தவனுமில்லை" என்றும் எழுதியிருந்தாய். அட மடையா, நானும் பட்டினி கிடக்கவில்லை. யார் உனக்கு அப்படிச் சொன்னது? நான்தான் எப்போதாவது வாய்க்கு வந்தபடி சொல்லியிருப்பேன். அதனால் நடந்ததை நடந்தபடி இப்போது எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. தயிர் மிஞ்சியிருந்தால் அதையும் சாப்பிட்டுக்கொண்டு வாசி.

நீ அப்போது கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு நடை பழகிய குழந்தை. உன் ஐயா பட்டணத்துப் பெரியகடை வீதியில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளி காலமானதும் அவருடைய பிள்ளைகள் பங்கு பிரித்துக் கடையைப் பூட்டிவிட்டார்கள். உன் ஐயா வேலை கேட்டு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார், ஒன்றும் சரிவரவில்லை. அந்த நேரத்தில்தான் மலாயாவிலிருந்து உன் பெரியப்பா எழுதினார்: றெயில்வேயில் ஒரு இடம் இருக்கிறது, சித்திரை கழியப் புறப்பட்டு வா என்று. எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டு ஆண்கள் அப்போது மலாயாவில்தான் இருந்தார்கள். காசு வந்தது, கல்வீடு எழும்பியது, ஊருக்கும் பெருமையாக இருந்தது. எனக்கோ அவர் போவதில் துளியும் விருப்பமில்லை. போகவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. புருசன் உழைக்கப் போவதை மறிக்கிறாளே, இவள் என்ன பெண் என்று ஊர் கேட்காதா? அதோடு அவரும் எனக்காகத்தான் போகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, "ஓம், நல்ல இடம்தானே" என்று சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

என்னிடம் ஒரு கை மெசின் இருந்தது. என் அம்மா சீதனத்தோடு தந்தது. மிசன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்தவள் என்பதால் அக்கம்பக்கத்தாருக்குச் சட்டை அடித்துக் கொடுப்பேன். கூலியாக வெங்காயமும் கத்தரிக்காயும்தான் வரும். மெசின் கொம்பனியின் ஏசண்டர் ஒருவர் குருநகரிலிருந்து சைக்கிளில் வருவார். கழுத்தில் சிலுவை, தலையில் வெயில் தொப்பி, தோளில் ஒரு துவாய். நல்ல மனிதர். என் தையலைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: இந்தப் பக்கத்துப் பெண்களுக்குத் தையல் பழக்க ஒரு பெண்ணைக் கொம்பனி தேடுகிறது, மாதச் சம்பளம் உண்டு. சித்திரைக்குள் என் சொல்லை நம்பி மூன்று பெண்கள் மெசின் எடுத்தால் அந்த உத்தியோகம் எனக்கு. அந்த மூவரும் ஆட்களைச் சேர்த்தால் அவர்களுக்கும் கொமிசன், எனக்கும் ஒரு பங்கு. இப்போது உனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்களே, அதே ஏற்பாடுதான். அவர் பேசிக்கொண்டிருக்க என் மனம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. மாதச் சம்பளம் வந்தால் உன் ஐயா கப்பல் ஏறத் தேவையில்லை.

"தங்கச்சி, மெசினைப் பற்றி நான் கதைச்சால் அது விக்கிறவன்ரை கதை" என்றார் ஏசண்டர். "நீங்கள் கதைச்சால் வீட்டுக் கதை. உங்கடை கதையைச் சொல்லுங்கோ, அது காணும்."

காணுமாம், போதுமாம்! அவருக்கென்ன, சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஊரில் தன் கதையைச் சொல்வது லேசுப்பட்ட வேலையா? வீடு நிறைய நெல் கிடந்தாலும், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஏதோ கிடக்கிறம்" என்று சொல்கிற சனம் நாங்கள். நல்லதை வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுவிடும். நீ கொழுகொழுவென்று இருந்த காலத்தில் யாராவது உன்னைப் பார்த்தால், "உவன் ஒண்டும் தின்னான், வாடிப்போனான்" என்று சொல்லிக் கன்னத்தில் கரிப்பொட்டு வைத்தவள் நான். அப்படிப்பட்டவளிடம் பெண்கள் வந்து கேட்டார்கள். கோயில் வீதியில் கேட்டார்கள், கிணற்றடியில் கேட்டார்கள். "மெசின் எப்பிடிப் பிள்ளை, நல்லா ஓடுதோ?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ ஓடுது." ஒரு நாளில் நிறையத் தைக்கலாமா என்று கேட்டால், "என்னத்தை, ஒண்டு ரெண்டு." லாபம் இருக்கிறதா என்றால், "சும்மா பொழுது போக்கத்தான்." அப்படியென்றால் ஏன் எடுப்பான் என்று அவர்கள் தங்கள் பாட்டில் போய்விட்டார்கள். இதைக் கேள்விப்பட்ட ஏசண்டர் வந்து தொப்பியைக் கழற்றித் தலையில் கை வைத்தார். "தங்கச்சி, நீங்கள் எங்கடை கொம்பனியின்ரை ஆளோ, இல்லாட்டி பெரியகடைத் தையற்காரன்ரை ஆளோ?" என்று கேட்டார்.

பாவம், அவரே பிறகு ஒரு வழி சொன்னார். கொழும்பில் ஒரு அம்மா தன் கஷ்டகாலத்தைச் சொல்லி நிறைய மெசின் விற்றாவாம். கஷ்டத்தைச் சொன்னால் நாவூறு படாதே! எனக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. உன்னைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே பேசிப் பழகினேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அயலில் உள்ள பெண்களை எல்லாம் கூப்பிட்டுப் பாயில் இருத்தி, எடுத்துவிட்டேன் ஒரு கதை. அடுப்பில் பூனை படுத்தது என்றேன். பிள்ளைக்குப் பால் இல்லை என்றேன். நீ அந்த நேரம் பார்த்து உன் பாட்டுக்கு வீரிட்டு அழுதாய், அது நல்ல பொருத்தமாகப் போய்விட்டது. இந்த மெசின்தான் எங்களைக் காப்பாற்றியது என்று முடித்தேன். பாயில் இருந்த அத்தனை பேரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் கதையில் எனக்கே அழுகை வந்துவிட்டது. மூன்று என்ன, முப்பது மெசின் போகும் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிய எழும்பி வாசல் படலையைத் திறந்தால் அங்கே ஒரு கடகம் கத்தரிக்காய். பக்கத்தில் பாதிப் பூசணிக்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், ஓலைப் பெட்டியில் அரிசி. உனக்கு யாரோ ஒரு பழைய சட்டைகூட வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், தையற்காரியின் பிள்ளைக்கு! எங்கள் சனத்திடம் கஷ்டத்தைச் சொன்னால் அவர்கள் தூக்கிக் கொடுப்பார்கள், மெசின் வாங்க மாட்டார்கள். மூளை இருந்தால் அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உன் ஐயா பல்லை விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"இஞ்சாரும், என்ன இது? எங்கடை வீட்டிலை ஆரும் செத்துப்போச்சினமோ?"

சொன்னேன். சிரித்தார். மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்ல பிஞ்சுக் காய். நாளைக்கும் நீர் கொஞ்சம் அழும், இன்னும் வரும்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் பின்னேரம் வெளியே போய் வந்தவரின் முகம் மாறியிருந்தது. பெண்சாதி பிள்ளையைப் பட்டினி போடுகிறாயாமே என்று சந்தியில் ஒருவன் கேட்டிருக்கிறான். உன் ஐயா கதிரையில் இருந்து கொஞ்சநேரம் தோள் துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். பிறகு, "நான் மலாயாவுக்குப் போறன். அண்ணைக்கு எழுதிப்போட்டன்" என்றார். அவரைப் போகவிடாமல் பிடிக்கச் சொன்ன கதையே அவரைத் துரத்திவிட்டது. குசினிக்குள் போய் மிச்சக் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது உண்மையாகவே அழுதேன், பார்க்க ஒருத்தரும் இல்லை.

அந்த மாதத்தில்தான் உன் ஐயாவின் கடைசித் தங்கச்சி தங்கத்துக்குக் கலியாணம். தெல்லிப்பழையில் அவர்கள் வீட்டில் பலகாரச் சூடு. அதை நீ பிள்ளையாக இருந்தபோது நிறையப் பார்த்திருப்பாய்: சொந்தக்காரப் பெண்களும் அயலட்டைப் பெண்களும் கூடிக் கலியாணத்துக்கு முறுக்கும் அரியதரமும் பயத்தம் பணியாரமும் சுட்டு அடுக்குகிற நாள். கலியாணப் பெண்ணுக்குச் சட்டை தைக்க வேண்டும் என்று என்னையும் மெசினோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் குசினிக்குப் பக்கத்து விறாந்தையில் மெசினை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். உன் பூரணம் மாமி, ஐயாவின் அக்கா, எண்ணெய் கொதிக்கிற பெரிய தாச்சிக்கு முன்னால் அகப்பையோடு இருந்தா. அவவின் வாயைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் ஐயா முற்றத்தில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

அரிசிமா வறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள், "மெசின் எப்பிடிப் பிள்ளை?"

"ஏதோ ஓடுது" என்றேன். பழக்கதோசம்.

தாச்சிக்கு முன்னால் இருந்த உன் மாமி அகப்பையோடு திரும்பினா. "எடியே, என்ன கதை கதைக்கிறாய்? அண்டைக்கு என்னெண்டால் பட்டினி கிடக்கிறம் எண்டு ஊரைக் கூட்டி ஒப்பாரி வைச்சாய். இண்டைக்கு ஏதோ ஓடுதோ? சுன்னாகச் சந்தைக்கு வாற கமக்காரரிலை அரைவாசிப்பேர் நீ அடிச்ச சட்டைதான் போட்டிருக்கினம். வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைஞ்சிடுமோ?"

"நாவூறு பட்டிடும் மச்சாள்" என்றேன். அதுதான் உண்மை, அது அப்படியே வந்துவிட்டது.

"அவ்வளவுதானோ!" என்று மாமி எழும்பினா. ஒரு கை உப்பு, ஒரு கை செத்தல் மிளகாய். என்னைச் சுற்றி மூன்று தரம் சுற்றி, பலகார அடுப்புக்குள் போட்டா. நாவூறு பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பார்கள். ஐயோ, வந்தது பார் நெடி! குசினி முழுக்கப் புகை. இருமி, தும்மி, கண்ணெல்லாம் ஊற்ற, அத்தனை பெண்களும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினோம். கலியாணப் பெண் தங்கம் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக ஓடிவந்தாள். மாமி மட்டும் இருமலுக்கு நடுவிலும் வெற்றியோடு நின்றா.

"பாத்தியோ! ஒருத்தியின்ரை கண்ணும் உன்னிலை இல்லை. எல்லாரும் சாட்சி. இனிச் சொல்லடி, மிச்சம் வைக்காமல் சொல்லு."

இனிச் சொல்லாமல் இருக்க எனக்கு என்ன சாட்டு? சொன்னேன். பழகி வைத்த கதை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கத்தில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான் முதலில் வாயில் வந்தது. கலியாணமான புதிதில் உன் ஐயாவுக்கு நான் அடித்த முதல் சட்டை. துணியைப் புரட்டிப் போட்டது தெரியாமல் நெஞ்சுப் பொக்கற்றை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டேன். சட்டையைப் போட முன்பே அவர் சேட்டிபிக்கற்றை அதற்குள் செருகினார், அப்போதும் அவருக்கும் கவனமில்லை, எனக்கும் கவனமில்லை. அந்தச் சட்டையோடு ஒரு கந்தோருக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறார். துரை சேட்டிபிக்கற்றைக் கேட்டதும் வெளியே தடவுகிறாராம், பொக்கற்றைக் காணவில்லை. பிறகு பொத்தானைக் கழற்றி நெஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவ, துரை பயந்து கதிரையைப் பின்னுக்கு இழுத்தாராம்.

"பாம்பு கீம்பு வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சிட்டார்" என்று தேங்காய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து உன் ஐயாவின் குரல் கேட்டது. பெண்கள் சிரித்த சிரிப்பில் இருமல் திரும்பவும் தொடங்கியது.

வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் ஏசப்போகிறார் என்று நான் குசினிக்குள் ஒளித்தேன். அவர் வந்து, "இஞ்சாரும், இது கள்ளனுக்குக் கை எட்டாத பொக்கற். இன்னொண்டும் இப்பிடியே அடியும்" என்றார். அடித்தேன். அடுத்த வளவில் தோட்டம் செய்கிற கமக்காரர் அதைப் பார்த்துவிட்டார். புகையிலை விற்ற காசை மடியில் கட்டிக்கொண்டு சந்தையிலிருந்து பயந்து பயந்து வருகிற மனிதர். தனக்கும் உள்பொக்கற் வைத்து ஒன்று வேண்டும் என்றார். பிறகு அவருடைய தம்பி, தம்பியின் மச்சான். உடுப்பைச் சரியாகத் தைக்கத் தெரிந்தவள் என்று ஒருவரும் என்னிடம் வரவில்லை, பிழையாகத் தைத்ததைத் தேடித்தான் வந்தார்கள். இதையெல்லாம் முற்றத்தில் நின்று கண்ணைக் கசக்கிக் கசக்கிச் சொன்னேன். எனக்குச் சொல்லச் சொல்லச் சந்தோசமாக இருந்தது. நல்லதை வாய்விட்டுச் சொல்வது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"எல்லாம் சரி" என்றா பூரணம் மாமி. "வெங்காயமும் கத்தரிக்காயும் வந்துகொண்டுதானே இருக்கு. பிறகேன் அந்தக் கொம்பனி உத்தியோகத்துக்கு இந்தப் பாடு படுகிறாய்?"

மிளகாயால் எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நேரத்தில் யார் எதற்கு அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் துணிச்சலில் சொல்லிவிட்டேன்.

"அவர் மலாயாவுக்குப் போகக் கூடாதெண்டுதான் மச்சாள். மாசச் சம்பளம் கிடைச்சால் அவர் நிப்பார். எனக்குக் கல்வீடு வேண்டாம். பின்னேரத்திலை அவர் படலையைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேக்க வேணும். அவ்வளவுதான்."

இந்தக் காலத்தில் நீங்கள் என்ன சொல்வீர்களோ தெரியாது, அப்போது ஒரு பெண் இத்தனை பேருக்கு முன்னால், அதுவும் புருசனின் அக்காவுக்கு முன்னால், இப்படிச் சொல்வது இல்லை. தேங்காய் திருவுகிற சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். உன் ஐயா கையில் பாதித் தேங்காயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கேட்டியோ?" என்றா மாமி.

"ஓம் அக்கா" என்றார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மிளகாய் இது, இஞ்சை வரைக்கும் நெடிக்குது" என்றார். காற்று அந்தப் பக்கம் அடிக்கவே இல்லை, ராசா.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். "என்ரை பேரை எழுது. என்ரை தம்பி ஊரிலை நிக்கிறதுக்கு நான் ஒரு மெசின் எடுக்கமாட்டனோ?" என்று மாமி முதல் ஆளாகச் சொன்னா. மா வறுத்தவள் அடுத்ததாகச் சொன்னாள். அவளுடைய புருசன் மலாயாவில்தான் இருந்தார், காசும் வந்துகொண்டிருந்தது. "எனக்கும் ஒண்டு எடு பிள்ளை. இஞ்சையும் உழைப்பிருக்கெண்டு எழுதிப் பாப்பம், அந்த மனிசன் வாறாரோ எண்டு" என்றாள். பிறகு கலியாணப் பெண், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "அண்ணை, சீதனத்திலை ஒரு மெசினும் கூட்டிவிடுங்கோ" என்றாள். அதோடு மூன்று. குசினிக்குள் முறுக்கு அத்தனையும் கருகிப்போனது ஒருவருக்கும் தெரியாது. பிறகு அதை மாட்டுக்குத்தான் வைத்தோம்.

ஏசண்டர் வந்து கேட்டுவிட்டு நம்பவில்லை. எந்தக் கதையைச் சொன்னீர்கள் தங்கச்சி என்று கேட்டார். பொக்கற்றைப் பிழையாகத் தைத்த கதை என்றேன். தலையில் கை வைக்கப் போனவர் நடுவில் நிறுத்திவிட்டார். சித்திரைக்குள் உத்தியோகம் வந்தது. உன் ஐயா, தான் வரவில்லை என்று பெரியப்பாவுக்கு எழுதினார். ஏசண்டரிடமே மெசின் திருத்தப் பழகி, பிறகு நான் வீடுவீடாகத் தையல் பழக்கப் போக, அவர் பின்னால் சைக்கிளில் எண்ணெய்க் குப்பியும் திருப்புளியுமாக வந்தார். பெண்சாதிக்குப் பின்னால் போகிறவன் என்று சந்தியில் பகிடி பண்ணினார்கள். "முன்னாலை போனால் வழி தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பூரணம் மாமியை நினைத்துப் பார். எனக்குக் கீழே அவதான் நிறைய ஆட்களைச் சேர்த்தா. நான் என் கதையை அவவுக்குச் சொல்லிக் கொடுத்தேன், உள்பொக்கற், கமக்காரர், எல்லாம். அவ அதில் ஒரு சொல்லைக்கூட எடுக்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் மெசினைச் சுற்றிக் காட்டி, "இந்தச் சத்தத்திலை மாமியார் கத்திறது கேக்காது பிள்ளை, எனக்கு அதுவே காணும்" என்பா. அது அவவின் உண்மை. மாமியார்மாரே அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு மருமகளுக்கு எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது விளங்குகிறதா, மட்டக்களப்பில் நீ சொன்னது ஏன் எடுபடவில்லை என்று? நீ என்னுடைய கதையைக் கொண்டு போனாய், அதிலும் நான் கத்தரிக்காய் வாங்கிய கதையைக் கொண்டு போனாய். அந்தப் பெண்கள் கெட்டிக்காரர். தயிரோடு விட்டார்களே என்று சந்தோசப்படு.

இனி அந்த முற்றங்களுக்குப் போனால் முதலில் வாயை மூடிக்கொண்டு இரு. அந்த ஊர்ப் பெண்களுக்கு எதைச் சொல்ல வெட்கம், எதைச் சொல்லப் பயம் என்று கேட்டுத் தெரிந்துகொள். அங்கே நாவூறு எப்படிக் கழிப்பார்களோ, எனக்குத் தெரியாது, நீ கேள். உன் முறை வரும்போது நீ பிழைவிட்ட இடத்திலிருந்து தொடங்கு, அவர்கள் சிரிக்கட்டும். நன்றாக நடந்ததை ஒளிக்காதே, நடக்காததைக் கூட்டாதே. கல்வீடு கட்டலாம் என்று ஒருத்திக்கும் வாக்குக் கொடுக்காதே. உன் சொல்லை நம்பி மெசின் எடுக்கிறவள் தன் முதல் சட்டையைத் தைத்து முடிக்கும்வரை அவள் வீட்டுப் பக்கம் போய் வா. அதை உனக்குக் கொம்பனி சொல்லித் தராது, நான் சொல்கிறேன்.

உனக்குக் கதை இல்லை என்றாயே. நீ வளர்ந்த ஒழுங்கையை நினைத்துப் பார். உன்னோடு கிளித்தட்டு விளையாடிய பொடியன்களில் எத்தனை பேருக்குத் தகப்பன் சுவரில் தொங்கிய படம்? மா வறுத்தவளின் புருசன் திரும்பி வந்தார், வந்த கையோடு உள்பொக்கற் வைத்துச் சட்டை கேட்டார், அது அவர்கள் அதிட்டம். உன் பெரியப்பா அங்கே மலாயாவில் யுத்தத்துக்குள் அகப்பட்டு, கடிதமும் இல்லாமல் போய், கடைசியில் மெலிந்து வந்து இறங்கிய நாளில் நீயும் அங்கே நின்றாய். அவருடைய சொந்த மகள் கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்கோ, இருங்கோ" என்று விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். அந்த மனிதர் கதிரையில் இருக்காமல் நின்றதைப் பார்த்தாய் அல்லவா? அன்று வீட்டுக்கு வரும் வழியில் நீ உன் ஐயாவின் சைக்கிளில் பின்னால் இருந்து, அத்தனை பெரிய பொடியன், அவருடைய இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாய். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

உன் கதை அதுதான். மெசினால் உனக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால், நேராகப் பார்த்துச் சொல்லு: "என்ரை ஐயா ஒவ்வொரு பின்னேரமும் படலையைத் திறந்துகொண்டு வீட்டை வந்தவர்." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாதே. மட்டக்களப்பிலும் புருசன் தூர இருக்கிற பெண்கள் இருப்பார்கள், தகப்பன் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு விளங்கும். பொங்கலுக்குள் சரிவராவிட்டால் திரும்பி வா, இங்கே ஒருவரும் உன்னை ஏசப்போவதில்லை. சரிவரும் என்றுதான் எனக்குப் படுகிறது. நாவூறு படட்டும், சொல்லிவிட்டேன்.

உன் ஐயா சைக்கிளை வெளியே எடுத்துவிட்டார். தபால் போய்விடும், நீர் கெதியாக எழுதி முடியும், கெதியாக முடியும் என்று மணி அடித்துக்கொண்டு நிற்கிறார். இதை மடித்து அவரிடம் கொடுக்கப் போகிறேன். பொத்தானைக் கழற்றி, நெஞ்சுக்குள் கையை விட்டு, எங்கே வைத்துக்கொண்டு போவார் என்று உனக்குத் தெரியும்.

உன்
அம்மா